யாருக்காகப் பின்னினார்கள்? 1914இல் பிரிட்டனின் கம்பளிப் பின்னல் இயக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பொழுதுபோக்காகக் கம்பளி பின்னுகிறவர்கள் கூடிப் பேசும்போது, பின்னிய பொருளை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். அகதிகளுக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொல்வார். நம் நாட்டிலேயே குளிரில் நடுங்குபவர்கள் இருக்கையில் வெளியாருக்கு எதற்கு என்று இன்னொருவர் கேட்பார். அந்த நிமிடம் வரை கண்ணிகளையும் ஊசி அளவுகளையும் பற்றி இருந்த உரையாடல், யார் நம்மவர், யார் அந்நியர் என்பதற்கு நகர்ந்துவிடும். இந்தக் கேள்வி தனிப்பட்ட மனத்தாங்கலாக இல்லாமல் ஒரு நாட்டின் பொது விவகாரமாகவே வெடித்த தருணம் ஒன்று உண்டு. 1914 ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்ததிலிருந்து தொடங்கிய தன்னார்வப் பின்னல் இயக்கம்தான் அது. அந்த இயக்கத்தை ஆராயும் இக்கட்டுரை ஒரு கருத்தை முன்வைக்கிறது: அன்பளிப்பாகத் தொடங்கிய பின்னல் எப்போது தேசபக்திக்கான சான்றாக மாறியதோ, அப்போதே அது சிலரைச் சேர்க்கவும் சிலரை ஒதுக்கவும் பயன்படும் அளவுகோலாகவும் மாறிவிட்டது. அதில் முதலில் அடிபட்டவர்கள் எதிரி நாட்டவர் அல்லர், சொந்த நாட்டின் ஏழைத் தையல் பெண்கள்.

அமைப்பும் அழைப்பும்

இயக்கத்தின் மையமாக இருந்த அமைப்பு போருக்காகப் புதிதாக உருவாக்கப்பட்டதன்று. 1882இல் லேடி வுல்வர்ட்டன் என்ற பிரபுகுலப் பெண்மணி, அநாதை இல்லம் ஒன்றின் பிள்ளைகளுக்குக் காலுறையும் கம்பளிச் சட்டையும் திரட்டுவதற்காகத் தம் தோழியரைச் சேர்த்துத் தொடங்கிய கைவேலைக் கழகமே அதன் வேர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவியான மேரி அரசியின் தாயார் அக்கழகத்தில் முனைந்து பணியாற்றியவர். மகளும் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தார். போர் மூண்டதும் அக்கழகம் 'குயின் மேரி நீடில்வொர்க் கில்ட்' என்ற பெயருடன் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் இயங்கத் தொடங்கியது. நாடெங்கும் கிளைகள் முளைத்தன. சட்டைகள், காலுறைகள், மஃப்ளர்கள், வயிற்றைச் சூடாக வைத்திருக்கும் கம்பளிப் பட்டைகள் என்று வந்து குவிந்தன. ரயிலிலும் தேநீர் விருந்திலும் பள்ளி வகுப்பறையிலும் பெண்கள் பின்னிக்கொண்டே இருந்தனர். படைக்குச் செல்ல முடியாத பாலினத்தாருக்கு, 'நானும் இந்த நாட்டுக்கு உரியவள்' என்று காட்டிக்கொள்ளக் கிடைத்த கண்கூடான வழி அது.

அந்த உணர்வு பொய்யானது என்று நான் கருதவில்லை. மகனையோ கணவனையோ சேற்றுக் குழிகளுக்கு அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க இயலாதவர்களின் பரிதவிப்பு அந்த நூலில் இருந்தது. ஆனால், பரிதவிப்பு உண்மையானதாக இருப்பதாலேயே அதன் விளைவுகள் நல்லவையாகிவிடுவதில்லை.

காலுறையும் கூலியும்

போர் தொடங்கிய சில வாரங்களிலேயே வேலையிழந்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். காரணங்கள் வெளிப்படையானவை. ஏற்றுமதி தடைப்பட்டதால் பருத்தி ஆலைகள் முடங்கின. போர்க்காலத்தில் ஆடம்பரம் கூடாது என்று வசதியுள்ள குடும்பங்கள் புதிய ஆடைகளுக்கும் தொப்பிகளுக்கும் ஆர்டர் கொடுப்பதை நிறுத்தியதால், அவற்றைத் தைத்துப் பிழைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றனர். இங்கேதான் நிகழ்வின் முதல் முடிச்சு விழுகிறது. தையற்காரிக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்திய அதே சீமாட்டி, இப்போது தம் வரவேற்பறையில் அமர்ந்து இலவசமாகச் சட்டை தைக்கவும் காலுறை பின்னவும் தொடங்கினார். தையற்காரி பழைய வேலையை இழந்தாள். போர் கொண்டுவரக்கூடிய புதிய வேலையையும், கூலி கேட்காத கைகள் அவளுக்கு முன்பே எடுத்துக்கொண்டன. தானம் செய்தவருக்கு இது தெரியவே இல்லை. அவர் கண்ணுக்குப் போர்முனையில் நிற்கும் வீரன் தெரிந்தான், இரண்டு தெரு தள்ளி வாடகை கொடுக்க முடியாமல் நின்ற பெண் தெரியவில்லை.

இதை உரக்கச் சொன்னவர் மேரி மெக்ஆர்தர். கிளாஸ்கோவில் 1880இல் பிறந்து, பெண்கள் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயலாளராகி, 1906இல் தேசியப் பெண் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவர். 1910இல் கிரேட்லி ஹீத் ஊரில் சங்கிலி அடிக்கும் பெண்களின் கூலிப் போராட்டத்தை முன்னின்று நடத்தி வென்றவர். வேலையற்ற பெண்களுக்குத் தேவை பிச்சை அல்ல, நியாயக் கூலியுடன் வேலை என்ற நிலைப்பாட்டிலிருந்து அவர் அசையவில்லை. தன்னார்வக் கைவேலை, கூலி வேலையை விழுங்குகிறது என்ற எதிர்ப்பு வலுத்தபோது, அரண்மனை அவரை அழைத்துப் பேசியது. 1914 ஆகஸ்ட் 20ஆம் நாள் பெண்கள் வேலைவாய்ப்புக்கான மத்தியக் குழு அமைக்கப்பட்டது. மெக்ஆர்தரே அதன் கௌரவச் செயலாளரானார். அரசியின் பெயரில் பெண்களுக்கு வேலை தரும் நிதியொன்றும் திரட்டப்பட்டது. கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையைத் தன்னார்வப் பணி பறிக்கக் கூடாது என்ற கொள்கை, அரண்மனை வட்டத்திலேயே ஏற்கப்பட்டது. படைக்கான ஆடை ஆர்டர்களை வேலையில்லாத தொழிற்கூடங்களுக்குத் திருப்பிவிட இக்குழு முயன்றது.

தவற்றைச் சுட்டியவரைத் துரோகி என்று விரட்டாமல் அழைத்துக் கேட்டது, அந்தப் போர்வெறிச் சூழலில் சிறிய காரியம் அன்று. இருப்பினும் தீர்வு பாதி வழியில் நின்றுவிட்டது. குழு நடத்திய வேலைக்கூடங்களில் கூலி மணிக்கு 3 பென்ஸ்; வாரத்துக்கு அதிகபட்சம் 10 ஷில்லிங். ஒரு பெண் அதில் உயிர் வாழலாம், மானத்தோடு வாழ முடியாது. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்களிடையே பணியாற்றிய சில்வியா பாங்கர்ஸ்ட் இக்கூடங்களைக் 'குயின் மேரியின் சுரண்டல் கூடங்கள்' என்றே அழைத்தார். அவர் கண்டனத்தோடு நிற்கவில்லை. தாமே ஒரு பொம்மைத் தொழிற்கூடம் தொடங்கி, மணிக்கு 5 பென்ஸ் அல்லது வாரம் ஒரு பவுண்டு (20 ஷில்லிங்) என்ற கூலியைக் கொடுத்துக் காட்டினார். வாரம் 10 ஷில்லிங் என்பது அதில் சரிபாதி.

இந்த வேறுபாட்டை வெறும் கணக்காகப் பார்க்க முடியாது. ஏழைப் பெண்ணுக்கு வேலை தருவதையும் தானத்தின் ஒரு வகையாகவே மத்தியக் குழு நினைத்தது. ஆகவே எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் அது கருணையாகவே தோன்றியது. பாங்கர்ஸ்ட் அதைக் கூலியாக நினைத்தார். ஆகவே குறைவாகக் கொடுப்பது திருட்டாகத் தோன்றியது. ஏழையைப் பற்றிய முன்முடிவு என்பது இதுதான்: அவளுக்கு எது போதும் என்பதை அவளைக் கேட்காமலேயே மற்றவர்கள் அறிந்திருப்பதாக நம்புவது.

மூன்று லட்சம் ஜோடி

அதே இலையுதிர் காலத்தில் போர் அமைச்சர் கிச்சனர், குளிர்காலத்துக்கு முன்னதாக மூன்று லட்சம் ஜோடி காலுறைகளும் மூன்று லட்சம் வயிற்றுப் பட்டைகளும் வேண்டும் என்று அரசியிடம் கேட்டார். அரசி நாட்டுப் பெண்களிடம் கேட்டார். வேலை பறிபோகிறது என்ற வாதம் சில வாரங்களுக்கு முன்புதான் ஏற்கப்பட்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், தேவை பெரிதாகும்போது கொள்கை எவ்வளவு எளிதாக வளைகிறது என்பது புரியும்.

பின்னுகிறவர்களுக்கு இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியும் உண்டு. ஆர்வம் மட்டும் கொண்ட கைகள் பின்னிய காலுறை படைவீரனுக்கு உதவாமல் போகலாம். நூலை இணைத்த இடத்தில் முடிச்சு, விரல் முனையில் தடித்த மடிப்பு, குதிகாலில் தளர்ந்த கண்ணி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும், ஈரக் காலணிக்குள் நாள் முழுதும் நடப்பவனின் பாதம் புண்ணாகும். பதுங்குகுழிகளில் தேங்கிய நீரில் நின்று பாதம் அழுகும் நோய் பரவிய முதல் குளிர்காலத்துக்குப் பிறகு, உலர்ந்த, சீரான காலுறை என்பது மருத்துவத் தேவையாகவே ஆனது. விரல் முனையை மடிப்பில்லாமல் ஊசியால் இணைக்கும் முறை இன்றும் கிச்சனர் பெயரால் வழங்குகிறது. அதை அவரே வகுத்தார் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. அனுப்புகிறவருக்குத் தோன்றியதெல்லாம் போய்ச் சேர்ந்ததால், ஓரிடத்தில் மஃப்ளர் மலைபோல் குவிந்தது, இன்னோரிடத்தில் கையுறை இல்லாமல் போனது. 1915இல்தான் சர் எட்வர்ட் வார்ட் என்ற அதிகாரியின்கீழ் தன்னார்வ அமைப்புகளை ஒருங்கிணைக்கும் தலைமை அலுவலகம் ஒன்றை அரசு ஏற்படுத்தி, எங்கே எது வேண்டும் என்று கேட்டு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது.

அரசியின் பிறந்தகம்

பின்னல் தேசபக்தியின் அடையாளமான அதே வாரங்களில், தேசத்துக்கு யார் உரியவர் என்பதைச் சட்டமும் வரையறுத்துக்கொண்டிருந்தது. போர் அறிவித்த மறுநாளே அந்நியர் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் காவல்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், நடமாட்டத்துக்கும் தடை. பின்னர் ஆண்கள் பல்லாயிரக்கணக்கில் அடைக்கப்பட்டனர். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள 'ஐல் ஆஃப் மேன்' தீவின் நாக்கலோ முகாமில் மட்டும் உச்சநிலையில் 20,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1915 மே 7ஆம் நாள் லூசிட்டானியா கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டதும், லிவர்பூலிலும் லண்டனிலும் ஜெர்மன் பெயர் கொண்ட இறைச்சிக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் அடித்து நொறுக்கப்பட்டன. பல்லாண்டுகளாக அதே தெருவுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர்களின் கடைகள் அவை.

இதில் பெண்களின் நிலை தனியே நோக்கத்தக்கது. அன்றைய சட்டப்படி, பிரிட்டனில் பிறந்த பெண் அந்நியரை மணந்தால் கணவரின் குடியுரிமையைப் பெற்று, தன் பிறப்புரிமையை இழப்பாள். லண்டனிலேயே பிறந்து, ஆங்கிலம் தவிர வேறு மொழி அறியாமல், ஜெர்மன் முடிதிருத்துபவரை மணந்திருந்த ஒருத்தி, 1914 ஆகஸ்டில் தன் ஊரிலேயே எதிரி அந்நியராகிவிட்டாள். தம்பி பிரிட்டிஷ் படையில் இருக்கலாம். அவனுக்காக அவள் காலுறையும் பின்னலாம். அவள் அடையாளத்தைத் தீர்மானித்தது அந்தக் காலுறை அன்று, அவள் திருமணப் பதிவு.

இப்போது அந்த இயக்கத்தின் தலைவியைப் பார்ப்போம். மேரி அரசி 1867இல் லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் பிறந்தவர். அவர் தந்தை டெக் கோமகன், ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் அரச மரபில் வந்தவர். அரசியின் கணவருடைய குடும்பப் பெயரும் ஜெர்மன் பெயர்தான். கடற்படையின் தலைமைப் பொறுப்பிலிருந்த இளவரசர் லூயி பாட்டன்பெர்க் தம் ஜெர்மன் பூர்வீகம் காரணமாக எழுந்த தூற்றலால் 1914 அக்டோபரிலேயே பதவி விலக நேர்ந்தது. 1917 ஜூலையில் அரச குடும்பம் விண்ட்சர் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அரசியின் சகோதரர்கள் டெக் என்ற பெயரைத் துறந்து கேம்பிரிட்ஜ் ஆனார்கள். ஒரே வகைப் பிறப்பு, அரண்மனையில் ஓர் அரசாணையால் கழுவப்பட்டது. ரொட்டிக் கடையில் கல்லெறியைக் கொண்டுவந்தது. நாட்டடையாளம் இரத்தத்திலும் பெயரிலும் இருக்கிறது என்று அன்று உறுதியாகப் பேசியவர்கள், தங்கள் காலுறைகளை யாருடைய பெயரிலான கழகத்துக்கு அனுப்புகிறோம் என்று ஒரு கணம் எண்ணியிருந்தால், அந்த உறுதி நின்றிருக்காது.

விருந்தினரும் படைவீரரும்

கொடுப்பவரின் மனம் எப்படி மாறும் என்பதற்கு பெல்ஜிய அகதிகள் சாட்சி. ஜெர்மன் படையெடுப்பிலிருந்து தப்பி ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் பிரிட்டன் வந்தனர். தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு உளமார்ந்தது. ஊருக்கு ஊர் குழுக்கள், துணி திரட்டல், வீடு ஒதுக்கல். போர் நீண்டது. விருந்தினர் வேலை தேடத் தொடங்கியதும் எங்கள் வேலை போகிறது என்ற முணுமுணுப்பு எழுந்தது. அவர்கள் உதவி பெறுபவர்களாக மட்டும் இருந்தவரை அன்புக்குரியவர்கள். உழைப்பவர்களாக எழுந்து நின்றபோது போட்டியாளர்கள். போர் முடிந்ததும் அவர்களை விரைந்து திருப்பி அனுப்பினார்கள்.

பேரரசின் படைவீரர்களிடம், நம்மவர், அந்நியர் என்று பிரிக்கும் கோடு இன்னும் கூர்மையானது. இந்தியப் படைகள் 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, பிரான்சின் குளிர்காலத்துக்குள் நேரே நுழைந்தன. அவர்களுக்குக் கம்பளி உடைகளும் பிற வசதிகளும் திரட்ட இந்தியப் படைவீரர் நிதி என்ற தனி அமைப்பு லண்டனில் தொடங்கப்பட்டது. அரசியின் மகள் இளவரசி மேரியின் பெயரில் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீரருக்கும் அனுப்பிய பரிசுப் பெட்டியில், புகையிலையைத் தொடாத சீக்கியருக்குக் கற்கண்டும் வாசனைப் பொருளும் வைக்கப்பட்டன. பெறுபவர் யார் என்று கேட்டுக் கொடுத்த தானம் அது, அதற்குரிய மதிப்பைத் தர வேண்டும். இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான பிரைட்டனில், ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனையில் காயம்பட்ட இந்தியருக்காக அமைத்த மருத்துவமனையில், சாதி சமய வழக்கங்களுக்கேற்ப ஒன்பது சமையலறைகள் இருந்தன. அதே பிரைட்டனில், இந்திய நோயாளிகள் ஊருக்குள் தாராளமாக நடமாடி வெள்ளைப் பெண்களுடன் பழகிவிடக் கூடாது என்பதற்காகக் காவலும் வேலியும் போடப்பட்டன. வெள்ளைச் செவிலியர் அவர்களைத் தொட்டுப் பராமரிப்பது குறித்தும் அதிகாரிகள் கலங்கினர். கழுத்துக்கு மஃப்ளர் கொடுக்கலாம், கைகுலுக்கத்தான் தயக்கம். ஒரே நிர்வாகத்தில் இவ்வளவு கவனமும் இவ்வளவு அச்சமும் எப்படிச் சேர்ந்து இருந்தன என்று வியப்பதில் பயனில்லை. பேணுதல் ஒன்று, சமமாக ஏற்றல் வேறொன்று. அங்கே முதலாவது மட்டுமே நடந்தது.

1916 மார்ச்சில் நடந்ததை எழுதாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. பிரிட்டனுக்காகப் போரிட முன்வந்த ஜமைக்கா இளைஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிய 'வெர்டாலா' என்ற கப்பல், நீர்மூழ்கி அச்சத்தால் வடக்கே கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நோக்கித் திருப்பிவிடப்பட்டது. வெப்பநாட்டு உடைகளோடு இருந்தவர்கள் பனிப்புயலில் சிக்கினார்கள். ஏறத்தாழ 600 பேர் குளிரால் பாதிக்கப்பட்டனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் பனிக்கடியால் உறுப்புகளை இழந்து ஊனமாயினர், சிலர் இறந்தனர். பிரிட்டனில் நூல் இல்லாத காலமா அது? காலுறையும் கையுறையும் ஒருங்கிணைத்து அனுப்பத் தனி அலுவலகமே நிறுவப்பட்டு மாதங்கள் ஆகியிருந்தன. கரீபிய வீரர்களுக்கு உதவ லண்டனில் ஒரு குழுவும் இயங்கியது. இருந்தும், கப்பலைத் திருப்ப ஆணையிட்டவர்களின் கணக்கில் அந்த இளைஞர்களின் விரல்கள் இல்லை. பின்னியவர்களைக் குறை சொல்வது இங்கே பொருந்தாது. ஆனால், நாடே தன் வீரர்களுக்காகப் பின்னியது என்று பெருமையோடு சொல்லும்போது, 'தன்' என்பதற்குள் இவர்கள் எவ்வளவு தூரம் இருந்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

கோட்டைத் தாண்டியவர்கள்

இவ்வளவுக்கும் நடுவில் மாற்று வழி ஒன்றும் நடைமுறையில் இருந்தது. போர் தொடங்கிய அதே வாரத்தில் குவேக்கர் சமயப் பிரிவினர், பிரிட்டனில் சிக்கித் தவித்த ஜெர்மானியர், ஆஸ்திரியர், ஹங்கேரியர் ஆகியோருக்கு உதவும் அவசரக் குழுவைத் தொடங்கினர். பின்னர் துருக்கியரும் சேர்க்கப்பட்டனர். வேலை பறிபோன குடும்பங்களுக்கு உணவும் உடையும் கொடுத்தார்கள். முகாம்களில் அடைபட்டவர்களைச் சந்தித்தார்கள். கணவர் முகாமில் இருக்கத் தெருவில் தனித்து நின்ற பிரிட்டனில் பிறந்த மனைவியரையும் கவனித்தார்கள். 'ஹன்களுக்குத் துணைபோகிறவர்கள்' என்று, ஜெர்மானியரை இழித்துக் குறிக்கும் சொல்லால் செய்தித்தாள்கள் தூற்றின. நிறுத்தவில்லை.

இக்குழுவின் பணியில் பின்னுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கூறு உண்டு. நாக்கலோவில் செயலற்றுக் கிடந்த ஆண்களுக்கு அவர்கள் செய்த முக்கிய உதவி, கருவிகளையும் மூலப் பொருள்களையும் கொடுத்துக் கைவினை வேலைகளை ஏற்பாடு செய்தது. இதற்கென ஜேம்ஸ் பெய்லி என்ற கைவினை ஆசிரியரையே அனுப்பினார்கள். பெறுபவரின் கைகளும் வேலை செய்யக்கூடியவை என்று நம்பியதில், அவர்கள் மெக்ஆர்தருக்கும் பாங்கர்ஸ்டுக்கும் நெருக்கமானவர்கள். முடிந்த பொருளைக் கொடுப்பதைவிட நூலையும் ஊசியையும் நியாயமான கூலியையும் கொடுப்பது மேல் என்பதை 1914இன் மூன்று தரப்பினர் மூன்று வழிகளில் கண்டுகொண்டிருந்தனர். இன்றைய பின்னல் குழுக்களில், வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு நாம் பின்னி அனுப்பும் தொப்பிகள் அங்குள்ள பின்னற்காரிகளின் பிழைப்பைத் தொடுகின்றனவா என்று யாரேனும் கேட்டால், நல்ல மனத்தைச் சந்தேகிக்கிறார் என்று மற்றவர்கள் புண்படுவதை அடிக்கடி காண்கிறோம். கேட்பவர் செய்வது மெக்ஆர்தர் செய்ததுதான். அரண்மனையே அந்தக் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டது, நாமும் கேட்கலாம்.

அந்நியரை மணந்ததால் குடியுரிமையை இழந்த பெண்களின் நிலை போரோடு முடிந்துவிடவில்லை. பெண் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடின. 1933இல் சிறு சலுகை கிடைத்தது. திருமணத்தால் பிரிட்டிஷ் பெண்ணின் குடியுரிமை பறிபோகாது என்று முழுமையாகச் சட்டமானது 1948இல்தான். அதற்குள் இன்னொரு உலகப்போர் வந்து, நாடு மீண்டும் பின்னலூசியைக் கையிலெடுத்து, அந்தப் பெண்களில் எஞ்சியிருந்தவர்கள் இரண்டாம் முறையாகக் காவல்நிலையத்தில் பெயர் பதிந்து, அந்தப் போரும் முடிந்திருந்தது.